கள்ளன் ஓடாத விளையாட்டு

டோரினின் அண்ணன் கிளெமென்ற் ஓடினால் கொழும்புக் கொட்டாஞ்சேனையிலேயே அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்த ஓட்டம்தான் இப்போது வினையாகிவிட்டது.

கிளெமென்றுக்குப் பதினெட்டு வயது. உயரத்தில் அப்பாவைத் தாண்டிவிட்டான். ஆனால் அவன் மூளை தன் பாட்டில் ஆறுதலாக, மெதுவாகத்தான் வளர்ந்தது. புதிதாக ஒன்றைப் படிக்க அவனுக்கு நாள்கணக்காகும். படித்துவிட்டாலோ, என்ன நடந்தாலும் மறக்கமாட்டான். காலையில் மஷூர் நானாவின் பேக்கரிக் கடைக்குப் போய் இரண்டு றாத்தல் பாண் வாங்கி வருவது அவனுடைய வேலை. அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது.

அது போர்க்காலம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. போன திங்கட்கிழமை, கடைக்குப் பக்கத்துச் சாவடியில் நின்ற ஆமிக்காரர் அவனைப் பார்த்து, "நவத்தன்ன!" என்று கத்தினார். சிங்களத்தில், நில் என்று அர்த்தம். கிளெமென்ற் அவரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு எடுத்தான் ஓட்டம்!

ஆமிக்காரர் சுடுவதற்குத் துவக்கைத் தூக்கிவிட்டார். நல்ல காலம், மஷூர் நானா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு கடையிலிருந்து பாய்ந்து வந்து, இவனைத் தனக்குத் தெரியும் என்று சிங்களத்தில் மன்றாடினார். அவர் வந்திராவிட்டால்?

அன்றிலிருந்து அம்மா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கிளெமென்ற் காலையில் எழுந்ததும் பாண் பையோடு பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்பான். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

"அண்ணா பாவம் அம்மா."

"எனக்கு மட்டும் பூட்டி வைக்க ஆசையே? அவனுக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்வன்?"

டோரின் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணா, ஆமிக்காரர் நிக்கச் சொல்ல, நீ ஏன் ஓடினனீ?"

இதுகூடத் தெரியாதா என்பது போல அவன் பார்த்தான். "நவத்தன்ன எண்டால் ஓட வேணும். வின்சன்ற் சொல்லுவான். நான் ஓடுவன். பிடிக்கேலாது!"

டோரினுக்குச் சுருக்கென்றது. பின்னேரத்தில் வீட்டு வாசல் ஒழுங்கையில் விளையாடும் கள்ளன் பொலிஸ்! பொலிஸாக வரும் பக்கத்து வீட்டு வின்சன்ற், ஆமிக்காரரைப் பார்த்துப் பழகி, "நவத்தன்ன!" என்றுதான் கத்துவான். உடனே கள்ளன் ஓட வேண்டும். அண்ணன்தான் எப்போதும் கள்ளன். அவன் ஓட ஓடக் கைதட்டிச் சிரித்தவளும் அவளேதான்.

பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் விளையாட மட்டும் அம்மா கதவைத் திறந்துவிடுவார். அன்று பின்னேரமே அவள் விளையாட்டின் சட்டத்தை மாற்றினாள்.

"இனி நவத்தன்ன எண்டால் ஆரும் ஓடக்கூடாது. ரெண்டு கையும் தெரியத் தூக்கிக்கொண்டு அப்பிடியே நிக்க வேணும். அசைஞ்சால் அவுட்!"

"கள்ளன் ஓடாட்டி இதென்ன விளையாட்டு?" வின்சன்ற் மூக்கைச் சுளித்தான்.

"அண்ணாவைச் சுட்டுப்போட்டால், பிறகு நீ ஆரோட விளையாடுவாய்?"

வின்சன்ற் ஒழுங்கை நடுவில் போய் நின்று, "சரி, நானே கத்துறன்" என்றான்.

முதல் நாள் கிளெமென்ற் ஓடினான். இரண்டாம் நாளும் ஓடினான். மூன்றாம் நாள் வின்சன்றையும் இழுத்துக்கொண்டு ஓடினான். நான்காம் நாள், அவர்களோடு அசையாமல் நின்ற குட்டிப் பாயிஸின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. பாயிஸ் தும்மி அவுட்டானான். கிளெமென்ற் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த முறை தானும் நின்று பார்த்தான். இரண்டு கிழமைக்குள் நிற்பதிலும் அவனை வெல்ல ஆளில்லை என்றாகிவிட்டது.

மஷூர் நானா ஒரு கடதாசித் துண்டில் சிங்களத்தில் எழுதித் தந்தார்: 'இவர் பெயர் கிளெமென்ற். ஆறுதலாகப் பேசுங்கள். விளங்கிக்கொள்வார்.' டோரின் அதை அடையாள அட்டையோடு சேர்த்து அண்ணனின் சட்டைப் பையில் வைத்தாள். இரண்டு நாள் கெஞ்சிய பிறகு, காலையில் கடைக்குப் போக அம்மா கதவைத் திறந்தார்.

டோரினும் அண்ணனோடு போனாள். சாவடியில் புதிதாக ஓர் ஆமிக்காரர் நின்றார். "நவத்தன்ன!"

கிளெமென்ற் நின்றான். இரண்டு கைகளும் மேலே. போதாதென்று ஒரு காலும் மேலே!

"ஐ.சி.!" அடையாள அட்டையைக் கேட்கிறார். கிளெமென்ற் அசையவில்லை. "ஐ.சி.!" இந்த முறை குரல் தடித்தது.

நிற்கப் பழக்கிய டோரின், அட்டையை எடுத்துக் கொடுக்கப் பழக்க மறந்துவிட்டாளே! அவளும் கைகளைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில், "இவர் என்ர அண்ணா. அட்டை சட்டைப் பையில இருக்கு" என்றாள்.

ஆமிக்காரர் தானே அட்டையை எடுத்தார். துண்டை வாசித்தார். தூக்கிய காலைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யன்ன மல்லி," என்றார் மெதுவாக. போ தம்பி.

"ஆர் அவுட்?" கிளெமென்ற் காலை இறக்காமலே கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை. நீ வெண்டுட்டாய் அண்ணா!" டோரின் அவன் கைகளைப் பிடித்து இறக்கினாள். ஒழுங்கை முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே மதகில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கிழமை முழுதும் அட்டையை எடுத்துக் காட்டவும் விளையாட்டில் பழகினார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை கிளெமென்ற் தனியாகவே போனான். அம்மாவும் டோரினும் வாசலில் நின்றபடியே நின்றார்கள்.

கால் மணித்தியாலத்தில் பையை ஆட்டிக்கொண்டு அவன் வந்துவிட்டான். அம்மா பாணை வெளியே எடுத்தார். ஒன்றில் ஒரு மூலையைக் காணவில்லை. கிளெமென்றின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

அம்மா ஏசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்ற மூலையையும் பிய்த்து, அவன் கையிலேயே கொடுத்தார்.