கெளுத்தி முள்

திரேஸ்புரத்தில் கெளுத்தி மீனின் முள் குத்தினால் மலை மாதிரி ஆளும் "ஐயோ, அம்மா" என்று துள்ளுவார். அப்படிக் கடுக்கும்.

அன்று ஜெப்ஸியின் அப்பா தேவதாசன் கடலிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் குதிகாலில் கெளுத்தி முள் ஒன்று ஒடிந்து நின்றது. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது. அவரோ சாவகாசமாக நெல்லிக்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, குதிகால்ல முள்ளு."

"எங்கன?" என்று குனிந்து பார்த்தார். "அட, ஆமா. வலிக்கவே இல்லையேளா."

போன வருடம் அம்மாவும் இதையேதான் சொன்னாள். சர்க்கரை நோயில் அவள் கால் மரத்துப்போயிருந்தது. புண் முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை.

அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. ஊரில் ஓசியில் கிடைப்பது யோசனை ஒன்றுதானே? மீன் ஏலம் போடும் இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, நெல்லிக்காயும் முருங்கைக்கீரையுமே கதி என்றிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்பா."

"எதுக்கு? உங்கம்மாவும் மாத்திரை தின்னாதானே. என்ன ஆச்சு? நெல்லிக்காய் தின்னா உடம்பு துருப்பிடிக்காதாம்."

ஜெப்ஸி அவர் காலருகே உட்கார்ந்தாள்.

"நங்கூரம் துருப்பிடிக்கக் கூடாதுன்னு பெயிண்ட் அடிக்கிறீங்க. அதுக்காக வள்ளத்து ஓட்டையை அடைக்காம கடலுக்குப் போவீங்களா?"

அப்பா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அம்மாவுக்கும் வலிக்கலப்பா" என்றாள். அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஆட்டோவைக் கூப்பிடு."

டாக்டரம்மா முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டார். "நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. ரத்தத்துல சர்க்கரை கூடினா உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிச்ச மாதிரி கெட்டுப்போகும். கீரை, நெல்லிக்காயில இருக்கிற சத்து அதோட கொஞ்சம் மல்லுக்கு நிக்கும். தாராளமா சாப்பிடுங்க. ஆனா மாத்திரையை விடக் கூடாது."

"எம் மவளும் இதையேதான் சொன்னா" என்றார் அப்பா மெதுவாக.

இப்போதும் வீட்டில் முருங்கைக்கீரை உண்டு. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையும் உண்டு. சாயங்காலமானால் அவள் கேட்காமலேயே அப்பா காலைத் தூக்கி ஜெப்ஸியின் மடியில் வைப்பார். அவள் செல்போன் வெளிச்சத்தில் விரல் விரலாகப் பார்ப்பாள்.

"எங்காலுக்கு இம்புட்டு மரியாதையாளா?"

"சும்மா இருங்கப்பா."

அம்மாவின் காலை யாரும் இப்படிப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஜெப்ஸிக்குக் கண் கலங்கிவிடும். துடைத்துக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு தடவை பார்ப்பாள்.

"ஒண்ணுமில்லப்பா" என்று அவள் சொல்லும்வரை அப்பா காலை எடுப்பதில்லை.