இடம் பிடித்த சால்வை

டீக்கடைக்குப் போனவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஆனாலும் பஸ் கிளம்பவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, டீசல் நெடியோடு வெயிலில் காய்ந்த மணலின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. நடத்துனர் மட்டும் படியில் நின்றபடி மணல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தையல்காரிக்கு அதுவரை ஒரு குறையும் இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு இப்போதுதான் முதல்முறையாகத் தனியாகக் கிளம்பியிருக்கிறாள். கடைத்தெருவுக்குப் போனாலே துணைக்கு ஆள் அனுப்பும் வீடு அது. "தனியாவா? அதுவும் பாலைவனத்துலயா?" என்று அண்ணி வாயைப் பிளந்தாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க இங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மணலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தாள்.

அந்தச் சுகத்துக்காகத்தான் ஒரு சின்னப் பொய். காலையில் பருத்த மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார வந்தபோது, தன் கையால் தைத்த சால்வையை இருக்கையில் விரித்து, "ஆள் வருது" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். நடத்துனர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

இப்போது அந்த நடத்துனர் அவளிடம் வந்தார்.

"உங்க ஆள் இன்னும் ஏறலையேம்மா?"

உண்மையைச் சொன்னால் பருத்த மனிதர் வந்து உட்கார்ந்துவிடுவார். "நீங்க கிளம்புங்க. அடுத்த ஸ்டாப்புல ஏறுவாங்க."

"இதுக்கப்புறம் ஸ்டாப்பே இல்ல. வர்றாங்கன்னு சொன்ன ஆளை மணல்ல விட்டுட்டுப் போற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கூப்பிட்டுப் பாப்போம்."

நடத்துனர் படிக்குத் திரும்பிப் போனார், ஓட்டுநர் ஹார்னை அழுத்தினார். அந்தச் சத்தம் நீண்டு, மணல்மேடுகளைத் தாண்டிப் போய், எங்கோ அடங்கியது. மறுபடி அழுத்தினார். பத்து நிமிஷம் தாமதமானாலே பஸ்ஸில் ஆளாளுக்குச் சத்தம் போடுவார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஹார்னில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"யாரும் வரலைங்க! இடத்துக்காகச் சும்மா சொன்னேன். போயிடலாம்!"

நடத்துனர் திரும்பவில்லை. படியிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றார்.

"பாத்து ஏறுங்க," என்றார் காலி வெளியைப் பார்த்து.

படி கிறீச்சிட்டது. பஸ் அந்தப் பக்கமாகச் சற்றே சாய்ந்தது. முதல் வரிசைக்காரர் நடைபாதையில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். அடுத்த வரிசையில் ஒரு பெண் முழங்கையை இழுத்துக்கொண்டாள். அதற்கடுத்த வரிசை. அதற்கடுத்தது. எழுந்து ஓட வழியில்லை. அவள் ஜன்னல் ஓரம். போன் பைக்குள். பை மேல்தட்டில்.

"ரைட், போலாம்!"

பஸ் நகர்ந்தது.

துணியில் விழும் சுருக்கத்தைப் பார்த்தே ஆளின் அளவைச் சொல்லிவிடுகிறவள் அவள். சால்வையின் நடுவில் ஒரு குழி விழுந்தது. இரண்டு தொடைகளின் மடிப்பு. பெரிய ஆள். பிறகு அவள் பக்கமாக ஒரு சுருக்கம்.

சாய்கிறது.

தோளில் கனம். ஒரு தலையின் கனம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சூடு. அவள் கழுத்து வழியாக மணல் சரசரவென்று உள்ளே வழிந்தது.

கத்த வாயைத் திறந்தாள். நடத்துனர் உதட்டில் விரல் வைத்தார்.

"எழுப்பிடாதீங்கம்மா. பாவம், எவ்வளவு தூரம் நடந்து வந்தாங்களோ."

சால்வையின் ஒரு நுனி மெல்ல எழும்பி, அவள் மடியையும் சேர்த்துப் போர்த்தியது.