ஐந்தாவது முத்திரை

நாலாவது மூலையும் பளபளத்தது.

மேனகா பீரோக் கதவைப் பிடித்தபடி நின்றாள். சுவீடன் நாட்டில் ஒரு காலத்தில் காசாகப் புழங்கிய செப்புத் தகடு அது. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது, தூக்கினால் மணிக்கட்டு நோகும். மூலைக்கொன்றாக நாலு முத்திரை, நடுவில் ஒன்று. வீராம்பட்டினத்து மீனவன் அம்மாவாசையின் வலையில் சிக்கியதை, பழைய நாணயம் விற்கும் அவள் கணவன் கோபிநாத் வாங்கி வந்திருந்தான். கடல் ஏற்றிய பச்சைக் களிம்பு கலையாமல் இருந்தால்தான் விலை. அந்தக் களிம்பைத்தான் தினம் ஒரு மூலையாக யாரோ துடைத்து வந்தார்கள்.

“பூஜை சாமான்னு நெனச்சிப் புளி போட்டுத் தேச்சிட்டியா?” என்று முதல் நாளே கேட்டான்.

“நான் ஏங்க அதத் தொடப்போறேன்?”

அவன் நம்பவில்லை. அவளும் அவனை நம்பவில்லை. அசலை விற்றுவிட்டுப் போலியை வைத்து, பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறானோ? அவன் தூங்கும்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். புளிக்கறை இல்லை, குறுக்கே ஓடும் பழைய தையல் தழும்புதான். கட்டினவன் கையை இப்படித் திருட்டுத்தனமாகப் பார்க்கிறோமே என்று அழுகை வந்தது. ஆனாலும் நேற்று பீரோவைப் பூட்டிச் சாவியைத் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டாள். அப்படியும் இன்று நாலாவது மூலை. மாற்றுச் சாவி வைத்திருப்பான்.

போன் அடித்தது. அவன்தான்.

“வீராம்பட்டினத்துல நிக்கிறேன். தகட வித்த மறுநாள்லேருந்து அம்மாவாசையக் காணோமாம்.”

“இத நான் நம்பணுமா?”

“சத்தியமாடி. அத வூட்ல வெக்காத, நான் வந்து...”

குடம் மூழ்குவது போல ஒரு சத்தம். பேச்சு அறுந்தது.

திருப்பி அழைத்தாள். மணி பீரோவுக்குள் ஒலித்தது, தண்ணீருக்கடியில் கேட்பதுபோல மங்கலாக. இங்கேயே ஒளிந்துகொண்டு நடிக்கிறான் என்று ஆத்திரம் பொங்க, அந்துருண்டை வாசனையோடு உப்புக்காற்றும் வீசிய சேலை அடுக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுத் தேடினாள். போன் இல்லை.

மணி தகட்டிலிருந்து வந்தது.

நின்றது.

சரக். சரக்.

நடுமுத்திரையின் மேல் பச்சை தானாகக் கரைந்தது. மழைநாளில் பஸ் கண்ணாடியின் ஆவியை, உள்ளே உட்கார்ந்திருப்பவர் துடைப்பதுபோல.

உள்ளிருந்து.

துடைத்த கை செம்பில் ஒட்டி நின்றது. நீரில் ஊறி வெளுத்த உள்ளங்கை. குறுக்கே தையல் தழும்பு.