சிங்காரத்தின் அருகே இரண்டாயிரம் மணி நேரம்

செவ்வூரில் ஒரு நோயாளி கிடைக்க ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா காத்திருந்தாள். நோயாளி அருகே உட்கார மாணவர்களுக்கு நேரம் ஒதுக்கும் மாசிலாமணியின் நேரக் கூடத்தில் பெயர் எழுதிவைத்து, மாதம் ஒரு முறை போய்த் தலையைக் காட்டி, தனக்கு முன்னால் இருந்த ஆறு பேரும் முடித்துக்கொண்டு போன பிறகு, காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு வரையிலான நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. நாற்காலிக்கு எதிரே கட்டில். கட்டிலில் சிங்காரம். மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய், கையில் இரண்டு. செவ்வாய்க் கோள் முழுவதிலும் தீவிரப் பிரிவு நோயாளி என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்த ஒரே ஆள்.

மற்ற யாரும் அந்த நிலைக்கு வருவதில்லை. பிறந்த அன்றே ஒவ்வொரு குழந்தைக்கும் காறை எலும்பின் கீழ், அரிசி அளவில் ஓர் உடற்காவலனைப் பதித்துவிடுகிறார்கள். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே அது காய்ச்சலை முடித்துவிடும். செவ்வூரில் சாவு உண்டு. ஆனால் விபத்து, முதுமை என்று ஒரேயடியாக வரும். இழுத்துக்கொண்டு கிடப்பது வழக்கொழிந்துவிட்டது. பெரிய மருத்துவமனையின் தீவிரப் பிரிவில் இப்போது விதை உருளைக்கிழங்கு அடுக்கியிருக்கிறார்கள்.

மாறாமல் இருந்தது மயக்கச் செவிலியர் கல்லூரியின் விதி. அறுவையை எந்திரம் செய்யும். மருந்தையும் எந்திரமே ஏற்றும். ஆனால் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் கிடக்கிறாரா என்பதை இன்னொரு மனிதர்தான் சொல்ல முடியும் என்பது சட்டம். அந்த மனிதர்தான் மயக்கச் செவிலி. அந்தப் படிப்பில் சேர, செவிலியர் பட்டத்தோடு, உயிருக்குப் போராடும் நோயாளியின் அருகே இரண்டாயிரம் மணி நேரம் பணியாற்றிய சான்றிதழும் வேண்டும். முதல் கப்பலில் பூமியிலிருந்து வந்த விதி. மாற்றியிருக்கலாம். மாற்றும் இடத்தில் இருந்தவர்கள் எல்லாருமே அந்த இரண்டாயிரத்தை முடித்துவிட்டு வந்தவர்கள். நாம் பட்ட பாட்டை இவர்களும் படட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

சிங்காரம் துளைப்புத் தொழிலாளி. பதினொரு வருடங்களுக்கு முன் சுரங்கக் கூரை சரிந்து கழுத்தெலும்பும் நுரையீரலும் நசுங்கின. அன்று அதற்கு வைத்தியம் இல்லை. அடுத்த மூன்றாம் வருடமே திசுநெசவி வந்துவிட்டது. அதில் ஒன்பது நாள் படுக்கவைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் போவதற்கு அவருக்கு வீடு இல்லை, கேட்பதற்கு உறவும் இல்லை. கூடம்தான் சட்டப்படி அவருடைய காப்பாளர். ஆண்டுதோறும் கூடம் அனுப்பும் அறிக்கையில், 'நெசவைத் தாங்கும் நிலையில் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் வந்து சரிபார்த்ததில்லை.

மாணவர்களுக்கும் இது அரசல்புரசலாகத் தெரியும். ஆள் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறார், ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். துயில்மருந்து ஒரு குழாயில், தசைகளை அசையவிடாத தளர்த்தி இன்னொரு குழாயில். வாரம் ஒரு முறை உடம்பைத் துடைத்துவிட வேண்டும். ஜெசிந்தா தினமும் துடைத்தாள். அதைப் பார்த்துவிட்டு மாசிலாமணி வாசலில் நின்றபடி சிரித்தார்.

"ரொம்பக் கவனிக்காதம்மா. குணமாயிடப் போறாரு."

ஜெசிந்தாவுக்குக் கல்லூரி என்பது பட்டம் அல்ல, மகளின் முதுகெலும்பு. செவ்வூரின் வெளிவட்டத்தில் ஈர்ப்பு பலவீனம். அங்கே வளரும் பிள்ளைகளின் எலும்பு சுண்ணாம்புக் கட்டிபோல ஆகிவிடும். உள்வட்டத்தில் ஈர்ப்பைக் கூட்டிவைத்திருக்கிறார்கள். ஏழு வயதுக்குள் எலும்பு இறுக்கும் அறுவையைச் செய்து உள்வட்டத்தில் குடிவைத்தால் பிள்ளை நிமிர்ந்து நடக்கும். ஏழு தாண்டினால் அந்த அறுவையால் பயனில்லை. உள்வட்டத்தில் குடியிருக்க உரிமை தரும் சில படிப்புகளில் மயக்கச் செவிலி ஒன்று. மகள் லிசாவுக்கு ஆறு வயது எட்டு மாதம். இப்போதே நாற்காலியிலிருந்து எழும்போது மேசையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இருநூற்று நாற்பத்தைந்தாவது நாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாவது மணி நேரம் முடிய இன்னும் சற்று நேரம் இருந்தது. சளி உறிஞ்சும் குழாயைக் கையில் எடுத்த ஜெசிந்தா, வழக்கம்போல, "அண்ணே, உறிஞ்சப் போறேன்" என்றாள். குழாய் இன்னும் அவரைத் தொடவில்லை. திரையில் நாடித்துடிப்பு அறுபத்திரண்டிலிருந்து நூற்றுப் பத்துக்குத் தாவியது.

அவள் கை அப்படியே நின்றது.

எந்திரக் கோளாறாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். நினைக்க விரும்பினாள் என்பதுதான் சரி. துடிப்பு இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அண்ணே, குதிகால்ல ஊசி குத்தப் போறேன். பெரிய ஊசி."

நூற்றுப் பதினெட்டு.

"இல்லண்ணே. சும்மா சொன்னேன். ஊசி எதுவும் இல்ல."

தொண்ணூறு. எழுபத்தாறு. அறுபத்து நான்கு.

மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் ஏறி இறங்கியது. நான்காவது முறை செய்யத் துணிச்சல் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். வருடக்கணக்கில் ஒரே துயில்மருந்து ஏறினால் உடம்பு அதற்குப் பழகிவிடும்; தளர்த்திக்கு அப்படிப் பழகுவதில்லை. முதலாண்டுப் பாடம். இந்த மனிதர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். வலியையும் உணர்ந்துகொண்டு கிடக்கிறார். கத்தக் குரல் இல்லை, அசைத்துக் காட்ட ஒரு விரல்கூட அவரிடம் இல்லை.

வெளியே வந்ததும் மாசிலாமணியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள். ஒரு பேச்சுக்கு, நோயாளிக்கு நினைவு திரும்பியிருந்தால் என்ன ஆகும் சார்? அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே விளக்கினார். துயில்மருந்தைக் கூட்டுவதென்றால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் ஆய்வாளர்கள் வருவார்கள். நோயாளியின் உடற்காவலனைத் திறந்து, மூளை எந்த நாளிலிருந்து விழித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். விழித்திருக்கும் நோயாளி அருகே சும்மா உட்கார்ந்திருந்தது பணி ஆகாது. அந்த நாளிலிருந்து பதிவான அத்தனை மணி நேரமும் செல்லாது. யாருடையதாக இருந்தாலும்.

"அதனால அவருக்கு நினைவு திரும்பாது" என்று முடித்தார், கோப்பையைக் கவிழ்த்துவைத்தபடி. "உனக்கு இன்னும் அஞ்சு நாள்தானே? போம்மா, நேர்முகத்துக்குப் படி."

அன்று மாலை ஜெசிந்தா, தூரத்துச் சுரங்கத்தில் இருந்த கணவன் ஜெரோமைத் திரையில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

"லிசாவுக்கு ஏழு எப்ப முடியுது?" என்று மட்டும் கேட்டான். அது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் சிங்காரத்தின் காதருகே குனிந்தாள். "அண்ணே, நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுக்காகத்தான். இன்னும் அஞ்சு நாள். அஞ்சே நாள் பொறுத்துக்கங்க. சேர்ந்ததும் நானே போய்ச் சொல்லிடறேன். சத்தியமா."

நிம்மதியில் துடிப்பு இறங்கும் என்று எதிர்பார்த்தாள். அது நூற்று நாற்பதுக்கு ஏறி, அவள் நாற்காலியை விட்டு எழும்வரை அங்கேயே நின்றது.

அந்த ஐந்து நாளும் அவள் அவரைத் துடைக்கவில்லை. திரையைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைமைப் பேராசிரியை திலகவதி. நாற்பது வயது, நரைக்காத முடி, சிரிக்காத முகம். பதிவுக் கருவியின் பச்சை விளக்கு எரிந்தது. அவர் கடைசிக் கேள்வியைப் படித்தார்.

"தளர்த்தி ஏறியிருக்கு. துயில்மருந்து வேலை செய்யல. நோயாளி அசைய மாட்டார். முழிச்சிருக்கார்னு எப்படிக் கண்டுபிடிப்பே? கண்டுபிடிச்சா என்ன செய்வே?"

ஜெசிந்தாவின் வாய் தானாகப் பேசியது. குதிகாலில் ஊசி என்று சொல்லிப் பார்ப்பேன், குத்தமாட்டேன், துடிப்பு ஏறினால் விழிப்பு, இல்லை என்றதும் இறங்கினால் உறுதி. அடுத்த நொடியே துயில்மருந்தைக் கூட்டுவேன், மேலிடத்துக்குத் தெரிவிப்பேன். எத்தனை நொடி தாமதிக்கலாம் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஒரு நொடிகூடக் கூடாது சார் என்றாள். மூவரும் முழு மதிப்பெண் போட்டார்கள்.

மற்ற இருவரும் எழுந்து போன பிறகு திலகவதி பச்சை விளக்கை அணைத்தார்.

"குதிகால் ஊசி எந்தப் புத்தகத்துலயும் இல்லையே" என்றார். "சிங்காரமா?"

ஜெசிந்தா தலையை மட்டும் அசைத்தாள்.

"நான் காதுல வெந்நீர் ஊத்தப் போறேன்னு சொல்லிப் பார்த்தேன். முந்நூறாவது மணி நேரத்துல. உனக்கு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, மேடம்."

"லேட்டுதான்." திலகவதி விண்ணப்பக் கோப்பை மூடினார். "என்ன சொல்லிட்டு வந்தே அவர்கிட்ட?"

"அஞ்சு நாள்னு."

"நான் ஒரு வருஷம்னு சொன்னேன். சேர்ந்ததும் சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் படிப்பு முடியட்டும்னு இருந்தேன். வேலை நிரந்தரம் ஆகட்டும்னு இருந்தேன்." அவர் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. "நாற்பத்தாறு பேரும்மா. எல்லாருமே ஏதோ ஒரு நாள் கண்டுபிடிச்சிருக்கோம். எல்லாருமே ஒரு தேதி சொல்லியிருக்கோம். நடுவுல வேற மூணு பேர் பதிவேட்டுல எழுதப் போனாங்க. மாசிலாமணி அந்தப் பக்கத்தையே கிழிச்சுட்டு, ஒழுங்கீனம்னு அனுப்பிட்டாரு. அதனால அவங்க யாரும் இந்த நாற்காலி வரைக்கும் வரல."

"நீங்க இப்பச் சொல்லலாமே, மேடம்?"

திலகவதி அவளை நிமிர்ந்து பார்த்தார், பதில் தெரிந்த கேள்வியைக் கேட்ட மாணவியைப் பார்ப்பதுபோல.

"அவர் எழுந்து போயிட்டா உங்களுக்கெல்லாம் அனுபவம் எங்கேருந்து கிடைக்கும்?"

சேர்க்கைக் கடிதம் அன்று பிற்பகலே வந்தது. கூடவே உள்வட்டத்தில் ஒரு வீடு. கூடவே லிசாவின் அறுவைக்கு வியாழக்கிழமை நேரம்.

ஜெசிந்தா சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆய்வாளர் அலுவலகத்தின் எண்ணை இரண்டு முறை எடுத்தும் பார்த்தாள். ஆனால் செவ்வூரில் மயக்கம் கொடுக்கும் உரிமம் உள்ள நாற்பத்தாறு பேரும் சிங்காரத்தின் அருகே உட்கார்ந்து வந்தவர்கள். சொன்ன மறுநிமிடம் நாற்பத்தாறு உரிமமும் செல்லாது. வியாழக்கிழமை அறுவையும் நடக்காது. வியாழன் முடியட்டும் என்று எண்ணை அழித்தாள்.

புதன்கிழமை, மருத்துவமனை முகப்பில் ஒரு திரையை நீட்டினார்கள். மகளுக்கு மயக்கம் கொடுக்கும் செவிலியைப் பெற்றவர்களே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், சேர்வதற்கு முன் தீவிர நோயாளி அருகே கழித்த மணி நேரம் எழுதியிருந்தது. மேலே இருந்தவள் மூவாயிரத்து நூறு போட்டிருந்தாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் உரிமையோடு எட்டிப் பார்த்தார்.

"மேல இருக்கறவங்களையே போடுங்கம்மா. இதுல எல்லாம் அனுபவம்தான் முக்கியம்."

ஜெசிந்தா பட்டியலைக் கீழே தள்ளினாள். குறைந்த எண்ணைத் தேடினாள். இரண்டாயிரத்து எழுநூறு. இரண்டாயிரத்து நானூறு. இரண்டாயிரத்துப் பத்து. கடைசியில் வரிசையாக இரண்டாயிரம், இரண்டாயிரம், இரண்டாயிரம். அதற்குக் கீழே ஒருவரும் இல்லை. திரை அதற்கு மேல் நகர மறுத்தது.

லிசா மேசையைப் பிடித்து எழுந்து, அவள் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, நீ உள்ள வருவியா?"

"உள்ள விடமாட்டாங்கடா. நான் கதவுக்கு வெளிய இருப்பேன்."

"அப்ப நான் நடுவுல முழிச்சுக்கிட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் நின்றவர் செருமினார். ஜெசிந்தா ஏதோ ஒரு பெயரின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

"பக்கத்துல ஒரு ஆன்ட்டி இருப்பாங்க" என்றாள். "அவங்க சொல்லுவாங்க."