தனிப்படி

ஒப்புநோக்கி என்ற இயந்திரம் வந்த பிறகு கீழமுனையில் எதைப் பற்றியும் வாக்குவாதம் நடப்பதில்லை. நில எல்லையோ, பிறந்த தேதியோ, யார் முதலில் கை ஓங்கினார் என்பதோ, எதுவானாலும் இருக்கிற பதிவுகளையெல்லாம் அது ஒப்பிட்டுப் பார்க்கும். பெரும்பான்மை சொல்வதை வைத்துக்கொள்ளும். அதற்கு மாறாகச் சொல்லும் ஒற்றைப் பதிவுக்குத் தனிப்படி என்று பெயர். அதை அழிக்க ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். அந்த வட்டாரத்தில் இருபத்திரண்டு வருடங்களாக ஒப்புதல் கொடுத்து வந்தவர் ஜெசிந்தா.

மூடிக் கிடந்த குளோரின் ஆலையை இடித்தபோது கட்டுப்பாட்டு அறையில் ஒரு மேசைக் கணினி கிடைத்தது. எந்த வலையிலும் இணைக்கப்படாதது. உடைப்பதற்கு முன் அதிலுள்ள பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் அது உயிர்பெறவில்லை. ‘இயங்காது’ என்று எழுதி அனுப்பிவிட ஜெசிந்தாவுக்கு அதிகாரம் இருந்தது. அவர் எழுதவில்லை. பழைய கணினிகளைப் பழுது பார்க்கும் மூசாவை வரவழைத்தார்.

காரணம் இருந்தது. ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மதியம் அந்த ஆலையில் வாயு கசிந்து பதினோரு பேர் இறந்தார்கள். அன்று பணியில் இருந்த அவருடைய அப்பா சூசை, ஏழாம் வால்வைக் கையால் மூடி ஊரைக் காப்பாற்றிவிட்டு அங்கேயே செத்தார். உடன் இருந்த மாடசாமி ஓடிப்போய் வாசலில் விழுந்து செத்தார். ஒப்புநோக்கி அப்படித்தான் சொல்லியது. அப்பாவின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அவருடைய கடைசி நிமிடங்களைப் பார்க்க ஜெசிந்தா விரும்பினார்.

மூசா முதலில் மின்கம்பியை மாற்றினார். பின்பக்கச் சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லை. மின்வழங்கிப் பெட்டியைத் தனியே கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். விசிறி சுற்றவில்லை.

“சப்ளைதான் போயிருக்கு மேடம்” என்றார். உள்ளே இரண்டு மின்தேக்கிகள் வயிறு ஊதிக் கிடந்தன. அவற்றை மாற்றினார். இப்போது விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

“எங்கேயோ ஷார்ட் ஆவுது.”

எல்லா அட்டைகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒரு நினைவகப் பட்டையின் முனை உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. அழிப்பானால் அதைத் தேய்த்துச் செருகினார். முன்பக்கப் பொத்தானும் துருவேறி ஒட்டிப்போயிருந்தது. அதை விட்டுவிட்டு, தாய்ப்பலகையில் இருந்த இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் தொட்டார். விசிறி சுற்றியது. இந்த முறை நிற்கவில்லை.

யார் எப்போது எந்த வாசலைக் கடந்தார் என்று காட்டும் அட்டைப் பதிவு திரையில் வந்தது. பிற்பகல் 2.09: சூசை, வெளி வாசல். 2.11: மாடசாமி, ஏழாம் வால்வு அறை. இரண்டுக்கும் நடுவில் யாரோ அவசரமாகத் தட்டிய இரண்டு வரிகள்.

‘சூசை அண்ணன் போய்விட்டார். கூப்பிட்டேன், நிற்கவில்லை. நான் வால்வை மூடப் போகிறேன். மாடசாமி.’

மூசா திரையைப் பார்க்காமலே சொன்னார்: “இயங்காதுன்னு எழுதிருங்க மேடம். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

ஜெசிந்தா அந்த வரிகளை மறுபடி படித்தார். அப்பாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பயந்திருப்பார். வீட்டில் ஒன்பது வயதில் ஒரு மகள் இருப்பதும் நினைவுக்கு வந்திருக்கும்.

“அணைச்சிராதீங்க அண்ணே” என்றார். பதிவை ஒப்புநோக்கிக்கு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. தனிப்படி. எதிராக நாற்பத்தோராயிரம் பதிவுகள். அழிக்க ஒப்புதல் தேவை. ஜெசிந்தா முதன்முறையாக மறுத்தார். அப்படியானால் இதே செய்தியைச் சொல்லும் இன்னொரு பதிவைப் பதினைந்து நாளுக்குள் தர வேண்டும் என்றது ஒப்புநோக்கி.

மாடசாமியின் மகள் பேச்சியம்மாள் மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா தான் யாரென்று சொன்னதும் அவள் எழுந்து நின்றாள். ஓடிப்போனவனின் மகள், சூசையின் மகளைக் கண்டால் எழுந்து நிற்பது அங்கே பழகிப்போயிருந்தது.

“உக்காருங்க அக்கா” என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார் ஜெசிந்தா. பேச்சியம்மாள் ஐஸ் உடைக்கும் கட்டையை மெல்லக் கீழே வைத்தாள்.

“எங்கம்மா இதத்தான் சொன்னா. அப்பா போன்ல பேசுனாராம், வால்வ மூடப் போறேன், புள்ளையக் கூட்டிட்டு மேக்க ஓடுன்னு. சாவுற வரைக்கும் இதே பேச்சு. ஊரே வேற சொல்லுது, ஒப்புநோக்கியும் வேற சொல்லுது, சும்மா கெடன்னு நான்தான் அவள ஏசுவேன். கடைசியா ரெண்டு வருசம் அவகூட மொகம் குடுத்துப் பேசல.”

“அம்மா சொன்னது எங்கேயாச்சும் பதிவு ஆயிருக்கா?”

“ஆபீசுக்கே போயிப் பேசிப் பதிஞ்சுட்டு வந்தா. அதத்தான் கேக்கீங்களா? அது இருந்தாப் போதுமா?”

“போதும்.”

பேச்சியம்மாள் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அனுப்பப்பட்ட அறிவிப்பு. ‘மாடசாமி மனைவி வாக்குமூலம். தனிப்படி. அழிக்கப்பட்டது.’ ஜெசிந்தா தேதியைப் பார்த்தார். அந்த நாட்களில் ஒரு காலையில் முந்நூறு ஒப்புதல் கொடுப்பார். எதையும் திறந்து கேட்டதில்லை.

“இது யாரு கையெழுத்துன்னு பாத்துச் சொல்லுங்கம்மா. அவுகளப் போய்ப் பாப்போம். அம்மா குரல் அவுகளுக்காச்சும் ஞாபகம் இருக்கும்ல” என்றாள் பேச்சியம்மாள்.

“நான்தான் போட்டேன் அக்கா. நான் கேக்கல” என்றார் ஜெசிந்தா.