குறுக்கே மூன்று, மேலே ஏழு

"உங்களுக்குக் கிழக்கு எது, வடக்கு எது எண்டாவது தெரியுமோ?"

அவன் அப்படித்தான் கேட்டான். முன்பின் தெரியாதவன்... உடையார்கட்டு பஸ் தரிப்பிடத்துக் கூரைக்குள்ளும் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்.

சிவரூபிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கமக்காரன்ர பிள்ளையிட்டக் கேக்கிற கேள்வியோ இது? வாய்க்கால் வடக்கால போகுது. வெயில் கிழக்கால வருது. காணுமோ அண்ணை?"

"காணும், காணும்! ஆனா அண்ணை எண்டு சொல்லி வயசைக் கூட்டாதேங்கோ. கிருபன்."

அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது? அன்று காலை அப்பாவின் வயலில் மாட்டுக்குப் புல் பிடுங்கும்போது, சேற்றுக்குள் சண்டைக்காலத்து வெடிக்காத செல் ஒன்றின் துருப்பிடித்த வால் தெரிந்தது. மிதிவெடி அகற்றுகிறவர்களிடம் சொல்லத்தான் பஸ்ஸுக்கு நின்றாள். மழைக்கு ஒதுங்கிய இவனுடைய சட்டையில் அவர்களின் அடையாளத்தைக் கண்டதும், தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாள்.

கிருபன் தோளில் தொங்கிய குழாயிலிருந்து வரைபடத்தை எடுத்து, உட்காரும் வாங்கில் விரித்தான். படம் முழுக்கச் சதுரங்கள்.

"ஒரு பெட்டி ஒரு கிலோமீற்றர். பக்கங்களைப் பத்தாப் பிரிச்சு, உங்கட வயல் எத்தினையாவதில இருக்கெண்டு எண்ணிச் சொல்லுங்கோ. வாய்க்கால் பெருகிட்டுது, இண்டைக்கு உள்ளுக்குப் போகேலாது. நான் ஒபிசுக்குச் சொல்லுறன், அவையள் விடியக் கம்பு நட்டு மறிப்பினம்."

போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்தான். அவனுடைய இமையில் ஒரு மழைத்துளி... விழவா, நிற்கவா என்று தொங்கியது. ஐயோ, எந்தக் கோட்டில் நின்றேன்? சிவரூபி திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

"ஏழு... மூண்டு."

"ஏழு, மூண்டு" என்று அவன் போனில் சொன்னான். மழை விட்டது. விட்டிருக்க வேண்டாமே என்று ஏன் தோன்றியது... அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பார்த்தால், சிவப்புத் தலைக் கம்புகள் நின்றது அவர்களுடைய வயலில் இல்லை! வாய்க்காலை விட்டுக் கிழக்கே தள்ளி, வெகு தூரம் தெற்கே, பழனியாண்டியின் வயலைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது.

அவள் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். கனகலிங்கம் உழவு இயந்திரத்துக்கு, அந்தப் பழைய லாண்ட்மாஸ்டருக்கு, எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. போன ரெண்டு போகமும் எனக்கு ஒண்டும் மிஞ்சேல்லை. அந்த மூலையை விட்டிட்டு உழுவன்."

"இன்னொண்டு கிடந்தா அப்பா? பழனியாண்டி ஐயாவின்ர விதைப்பும் மறிபட்டு நிக்குதே..."

"மலைநாட்டு ஆக்களுக்காக நீ ஏன் அழுகிறாய்? கம்பு நட்டது நானோ?"

அவள் சைக்கிளை எடுத்தாள். யார் மேல் கோபம்? அப்பா மேலா, அந்தக் கிருபன் மேலா... அல்லது இந்த நேரத்திலும் அவனைப் பார்க்கலாம் என்று துடிக்கிற தன் நெஞ்சின் மேலா?

அவன் நாடாவுக்கு அருகில்தான் நின்றான்.

"நல்ல வேலை செய்தீங்கள்! படம் பாக்கத் தெரியாட்டி ஏன் தூக்கிக்கொண்டு திரியிறீங்கள்?"

"எனக்கோ தெரியாது? ஏழு, மூண்டு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"ஓம். வாய்க்காலால ஏழு மேல போய், உள்ளுக்கு மூண்டு. முதல் வாய்க்கால், பிறகு வயல்... இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது?"

கிருபன் தலையில் கை வைத்தான். "படத்தில முதல் குறுக்கால போகோணும். பிறகுதான் மேல. மூண்டு, ஏழு! அதை முதலே சொல்லாமல் விட்டது என்ர பிழை..." உடனே போனை எடுத்து, இடம் மாறிவிட்டது என்று ஒபிசுக்குச் சொன்னான்.

வரம்பிலிருந்து பழனியாண்டி குரல் கொடுத்தார். "கிருபா, விதைநெல்லு முளை விட்டுருச்சுடா. இன்னைக்கு விதைக்கலைன்னா வீணாப் போயிரும்."

"கொஞ்சம் பொறுங்கப்பா."

அப்பாவா? சிவரூபிக்குத் தலை சுற்றியது.

"இது உங்கட வயலோ? தெரிஞ்சுமோ பேசாமல் நிண்டனீங்கள்?"

"ஒருக்கால் போய்ப் பாத்திருக்கோணும்... ஆனா இங்க இல்லையெண்டு நான் சொன்னா, சொந்த வயலைக் காப்பாத்துறான் எண்டெல்லோ கதைப்பினம். அதோட..."

"அதோட?"

"அந்த மழைக்குள்ள சொல்ல வந்த பிள்ளை பிழையாச் சொல்லாது எண்டு நினைச்சன்."

அவள் கண்களைத் தாழ்த்தினாள். கன்னம் ஏன் சுடுகிறது... அதற்குள் வடக்கிலிருந்து லாண்ட்மாஸ்டரின் சத்தம் கேட்டது.

"ஐயோ, அப்பா உழத் தொடங்கிட்டார்!"

அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியபோது, ஊர் பார்க்குமே என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. வயலில் இறங்கியதும் நேரே போய் லாண்ட்மாஸ்டருக்கு முன்னால் நின்றாள். கிருபனும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"விலகடி!"

"விலகமாட்டன் அப்பா. பிழையாச் சொன்னது நான். இடம் எங்கட வயல்தான். ஒபிசுக்கும் சொல்லியாச்சு. செத்துக் கித்துப் போனா நாங்கள் என்ன செய்யிறது?"

கனகலிங்கத்தின் பார்வை கிருபனிடம் போனது. "பழனியாண்டியின்ர பொடியன் சொல்லித் தந்த கதையோ? இவன் உனக்கு ஆர்?"

யார்? அவள் கிருபனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியேல்லை அப்பா... நேற்றுத்தான் கண்டனான். கண்ட நேரத்திலயிருந்து எனக்கு ஒண்டும் ஒழுங்கா விளங்கேல்லை. ஆனா... இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அது மட்டும் நல்லா விளங்குது."

கிருபன் மண்ணைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். "எனக்கும்தான் ஐயா... இதைவிட மரியாதையாச் சொல்ல எனக்குத் தெரியேல்லை."

கனகலிங்கம் மகளின் சேறு பிடித்த கால்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கால்களுக்குப் பின்னால் உழப்படாமல் கிடந்த மண்ணைப் பார்த்தார். கோபமா, பயமா, சம்மதமா... முகத்தில் எதையும் பிடிக்க முடியவில்லை. கலப்பையை மண்ணிலிருந்து தூக்கினார். தான் உழுது வந்த சாலிலேயே லாண்ட்மாஸ்டரை மெல்லத் திருப்பினார். வரம்பேறி, ஒழுங்கை தாண்டி, திரும்பியும் பார்க்காமல் போனார்.