டட்லியின் சிவப்பு வில்லை

செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்.

க்ளைட் ராமேக்கர் கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் திறந்தார். வழக்கமாகச் சாவியைப் போடும்போதே உள்ளே தரையில் வால் அடிபடும் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. அவருடைய நாய் டட்லியின் மெத்தை காலியாக இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தது வைத்தபடி. கதவோரக் கொக்கியில் தொங்கும் அதன் நீல உடுப்பையும் காணோம்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் எதிர்வீட்டு ஓப்பல் ப்ருயிட் வந்து நின்றாள். மேப்பிள் கோர்ட் குடியிருப்பில் யார் தும்மினாலும் கைக்குட்டையோடு வந்து நிற்பவள் அவள்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த ஊருக்கு வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். ஊர் நாய்களில் பாதி அவளைத் துரத்தியிருக்கின்றன. மீதியைத் தபால்பையில் பிஸ்கட் வைத்தே சரிக்கட்டியிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு தபால்பை போய்விட்டது, மூக்கை நுழைக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

"பூட்டு உடைஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் பூட்டினது பூட்டினபடி இருந்துச்சு."

"உடுப்பு எங்க?"

"அதையும் காணோம்."

ஓப்பல் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

க்ளைட்டின் மனைவி இறந்தபின் அவர் தூங்காமல் எலும்பும் தோலுமாகிவிட்டார். டாக்டர்தான் கடிதம் எழுதிக் கொடுத்தார், இவருக்கு ஆறுதலுக்கு ஒரு நாய் தேவை என்று. மேப்பிள் கோர்ட்டில் பிராணிகளுக்கு அனுமதி கிடையாது. ஆனால் அப்படி ஒரு கடிதம் வந்துவிட்டால் சட்டப்படி மறுக்க முடியாது. மேலாளர் ஹெம்பிளுக்கு வயிறு எரிந்தது. நடைபாதையில் நீல உடுப்பு இல்லாமல் நாய் தலைகாட்டக் கூடாது என்று, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்தார். டட்லி அதையும் கற்றுக்கொண்டது. உடுப்பை மாட்டாமல் வாசல்படியைத் தாண்டாது. இறைச்சித் துண்டைக் காட்டினாலும் சரி, அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஓப்பலும் கேலி பேசியவள்தான். "என் ஃப்ரிட்ஜும் எனக்கு ரொம்ப ஆறுதல். அதுக்கும் ஒரு கடுதாசி வாங்கணும்" என்று தபால்பெட்டி பக்கம் நின்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு டட்லி வந்தது. ராத்திரி கிழவரின் பாதங்களின் மேல் படுத்துக்கொண்டது, அவரும் தூங்கினார். ஓப்பலின் கேலி நின்றுபோனது.

ஆறுதல் நாய் என்பதால் எல்லாக் கதவும் திறந்துவிடுவதில்லை. கண் தெரியாதவரை வழிநடத்தப் பழக்கிய நாய்க்கு ஆஸ்பத்திரிக்குள் இடம் உண்டு, கவுண்டி, அதாவது மாவட்ட அலுவலகத்தில், கழுத்தில் மாட்டும் லைசென்ஸ் வில்லையும் இலவசம். ஆறுதல் நாய்க்கு இரண்டும் இல்லை. அதனால் க்ளைட் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் செவ்வாய்தோறும் டட்லி வீட்டில் தனியாக இருக்கும். இது கட்டடம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

தேடல் தொடங்கியது. எல்லோரையும் விட அதிகமாக அலைந்தவள் ஜெனீவா. ஓப்பலின் காபித் தோழி, அதே மாடியில் கடைசி வீடு. காலையில் ஓப்பலின் அடுப்படியில் காபி குடிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. அன்றைக்கும் குடித்தாள். ஓப்பல் துணி உலர்த்தும் இயந்திரத்தைப் பார்க்கக் கீழே போனபோதுகூட அவள் கோப்பையோடு மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் க்ளைட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் அவள்தான்.

புதன்கிழமை காலை.

ஓப்பல் முதலில் ஹெம்பிளிடம் போனாள்.

"மாற்றுச் சாவி உங்ககிட்ட இருக்கில்ல?"

"எல்லா வீட்டுக்கும் இருக்கு. அதுக்காக?"

"நேத்து காலையில எங்க இருந்தீங்க?"

"கொதிகலன் ரிப்பேர். ஆள் வந்தான், அவனையே கேளுங்க." பிறகு முகத்தைக் கொஞ்சம் இனிப்பாக்கிக்கொண்டார். "ஓப்பல், எனக்கு அந்த நாய் பிடிக்காதுதான். அதுக்காக நாய் திருடனா நானு? ஜனவரியில புது லைசென்ஸ் எடுத்தாரான்னு வில்லையைக் கழுத்தோட பிடிச்சுப் பாத்தேன். சரியா எடுத்திருந்தாரு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல."

கொதிகலன் ஆள் வந்தது உண்மைதான். ஆனாலும் ஓப்பலுக்கு ஹெம்பிள்மேல் இருந்த சந்தேகம் போகவில்லை. பிடிக்காத ஆள்மேல் சந்தேகப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

அன்று மாலை க்ளைட், பக்கத்துக் கவுண்டிகளின் நாய்க் காப்பகங்களுக்கெல்லாம் மறுநாள் காலையிலிருந்து ஃபோன் செய்யப்போவதாகச் சொன்னார். டட்லியின் கழுத்தில் வில்லை இருக்கிறதே, எங்கே பிடிபட்டாலும் எண்ணை வைத்துத் தகவல் வந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. ஓப்பல் எண்களைத் தேடித் தருவதாகச் சொன்னாள். ஜெனீவா அவருக்கு டூனா மீன் போட்டுச் சுட்ட கேசரோல் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த எண்களெல்லாம் அப்புறம், முதலில் ஆற்றங்கரையை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள்.

வியாழன் காலை. க்ளைட் ஃபோனை எடுக்கும் முன்பே ஹெம்பிள் ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பியிருந்தார். கையில் ஒரு வில்லை. வில்லோ மரத்து வேரில் சிக்கியிருந்ததாம், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே. சேறு அப்பியிருந்தது. எலும்பு வடிவம், அந்தக் கவுண்டியின் பெயர், ஒரு எண், சிவப்பு வர்ணம். துளையில் வெள்ளி நூல் போல ஏதோ ஒட்டியிருந்தது.

க்ளைட்டுக்குக் கண் இன்னும் மங்கல்தான். வில்லையின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்.

தேடல் அதோடு முடிந்தது. அவருடைய மகள் சனிக்கிழமை வந்து அவரை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போவதென்று முடிவானது. ராத்திரித் தூக்கம் போய்விட்டது, இனித் தனியாக இருக்க முடியாது என்று அவரே மகளிடம் சொல்லியிருந்தார். டட்லிக்காக வெள்ளிக்கிழமை மாலை பொது அறையில் எல்லோரும் கூடி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் ஜெனீவா.

வெள்ளிக்கிழமை மதியம் ஓப்பல் வங்கிக்குப் போனாள். வாசலில் யாரோ கட்டிவைத்த ஒரு பழுப்பு நாய். பழைய பழக்கத்தில் குனிந்து காதைச் சொறிந்தாள். நாய் தலையை ஆட்டியதும் கழுத்தில் பச்சை வில்லை கிணுகிணுத்தது. ஓப்பல் நிமிரவே இல்லை. வங்கிக்குள்ளிருந்து வந்த நாய்க்காரன், இந்த அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று பயந்துபோனான்.

"இது இந்த வருஷத்து வில்லையா தம்பி?"

"ஆமாங்க. போன வருஷம் சிவப்பு."

வங்கி வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அடுப்படிச் சுவரில் தொங்கும் சாவிகளைப் பார்த்தாள். ஒன்று க்ளைட்டின் மாற்றுச் சாவி. பிறகு ஒரே ஒரு ஃபோன் செய்தாள். பேசி முடித்தபின் வெகுநேரம் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

மாலை. பொது அறையில் காபியும் கேக்கும் கேசரோலும். க்ளைட் நடுவில். ஹெம்பிள்கூட ஒரு பூங்கொத்தோடு வந்திருந்தார். ஜெனீவா கைக்குட்டையை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். அவள் பேச எழுந்தபோது ஓப்பல், "கொஞ்சம் இரு" என்றாள்.

"டட்லியை எடுத்துட்டுப் போனவங்க உடுப்பை மாட்டிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வெளியாளுக்கு அந்த உடுப்பு எதுக்கு? அது இல்லாம டட்லி வாசல் தாண்டாதுன்னு இந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான் தெரியும். பூட்டும் உடையல. சாவி மூணு. ஒண்ணு க்ளைட்கிட்ட. ஒண்ணு ஹெம்பிள்கிட்ட. ஒண்ணு என் அடுப்படியில."

எல்லோரும் ஹெம்பிளைப் பார்த்தார்கள். அவர் பூங்கொத்தைப் பார்த்தார்.

"அவர் இல்ல" என்றாள் ஓப்பல். "ஆத்தங்கரையில கிடைச்சது சிவப்பு வில்லை. கவுண்டி வருஷாவருஷம் நிறத்தை மாத்தும். இந்த வருஷம் பச்சை. ஜனவரியில டட்லி கழுத்துல பச்சையைப் பிடிச்சுப் பாத்தவர் ஹெம்பிள். அவர் போய் சிவப்பை வைப்பாரா?" பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா கையில எடுத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லையா?"

ஹெம்பிள் தன் ஷூவின் முனையில் எதையோ தேடினார்.

"நாய் வளர்த்தவங்களுக்கு நிறம் மாறுறது தெரியும். வளர்க்காதவங்களுக்கு வில்லைன்னா வில்லைதான். அப்ப அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்துச்சு?" ஓப்பல் வில்லையை மேசைமேல் வைத்தாள். சேறு துடைத்திருந்தது. துளையில் வெள்ளி ஜரிகை நூல், முடிச்சோடு. "போன கிறிஸ்துமஸுக்கு நாம ஆளுக்கு ஒரு பொருளை மரத்துல மாட்டினோம். நான் என் பழைய தபால் சட்டைப் பொத்தான். க்ளைட், புது வில்லை அப்பதான் வாங்கியிருந்தாரு. பழசை ஜரிகை நூல்ல கட்டி மாட்டினாரு. மரத்தைப் பிரிச்சு, பெட்டியில வச்சு, இந்த அறை அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போனவ..."

அவளால் முடிக்க முடியவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஜெனீவாவின் கைக்குட்டை மடியில் கிடந்தது. அவள் அழவில்லை.

"நான் துணி எடுக்கக் கீழே போனப்ப, என் காபியைக் குடிச்சுட்டு, என் சுவர்லேர்ந்து சாவியை எடுத்திருக்கே" என்றாள் ஓப்பல் மெதுவாக. "மத்தியானம், பண்ணை வச்சிருக்கிற உன் அக்கா மகனுக்கு ஃபோன் போட்டேன். பெரியவர் முதியோர் இல்லம் போறாரு, நாயை அவனையே வச்சுக்கச் சொன்னதா சித்தி சொன்னாங்கன்னான். பின்னால டட்லி குரைக்கிறது கேட்டுச்சு."

க்ளைட் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"உயிரோடயா?"

"உயிரோடதான். பண்ணையில கோழி துரத்திட்டு இருக்கானாம்."

கிழவர் ஜெனீவாவின் பக்கம் திரும்பினார். மங்கலான கண்ணால் அவள் முகத்தைத் தேடிப் பிடிக்க நேரமானது. "நீ கொண்டுவந்த கேசரோலைச் சாப்பிட்டேனே" என்றார்.

"மிட்ஸியை ஞாபகம் இருக்கா யாருக்காவது?" என்று கேட்டாள் ஜெனீவா. "என் பூனை. இங்க வரும்போது காப்பகத்துல விட்டுட்டு வந்தேன். சட்டம் சட்டம்னீங்க, நானும் கட்டுப்பட்டேன். அப்புறம் ஒருத்தர் கடுதாசியைக் காட்டி நாயைக் கூட்டிட்டு வர்றாரு. நீங்க எல்லாரும் குனிஞ்சு தடவுறீங்க. எங்கயாவது நல்லா இருக்கட்டும்னுதான் பண்ணையில விட்டேன். அடிக்கல, பட்டினி போடல. எல்லாக் காப்பகத்துக்கும் ஃபோன் போடப் போறார்னதும்தான் பயமாப் போச்சு, அந்தப் பழைய வில்லையை ஆத்தங்கரையில கொண்டுபோய்ப் போட்டேன்."

"நீயும் டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் ஓப்பல்.

"கேக்கலாமான்னு உன்கிட்டதான் முதல்ல கேட்டேன்." ஜெனீவா அவளை நேராகப் பார்த்தாள். "ஃப்ரிட்ஜுக்கும் ஒரு கடுதாசி வாங்கணும்னே. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் அறையை விட்டுப் போனாள். ஓப்பல் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கலாம்.

சனிக்கிழமை மகள் வந்தாள். அப்பாவின் பெட்டியைக் கட்டவில்லை. பண்ணைக்குப் போய் டட்லியை ஏற்றிக்கொண்டு வந்தாள். நீல உடுப்பு, கழுத்தில் பச்சை வில்லை, வாலில் வைக்கோல்.

ஓப்பல் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது, ஒரு கோப்பைதான். டட்லி படியேறி நடைபாதையில் வந்தது. தன் வீட்டு வாசலில் நிற்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு கடைசி வீடு வரை போய், அங்கே கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை ஜெனீவாவோடு காரில் போன சந்தோஷம் அதற்கு இன்னும் தீரவில்லை. வால் தரையில் அடித்தது.

க்ளைட் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் நின்றார். இழுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்கும் காலடிச் சத்தம் கேட்டது. வால் இன்னும் வேகமாக அடித்தது. கதவு திறக்கவில்லை.